கைத்துப்பாக்கிக்கு எந்தக் காலிபர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கி சுடும் தளத்தில் பல ஆண்டுகளாகப் புதியவர்களின் பக்கத்தில் நின்று பழக்கி வருகிறேன். துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர்கள் கேட்பது பெரும்பாலும் காலிபரைப் பற்றித்தான். நானோ முதலில் அவர்களுடைய கையைப் பார்ப்பேன். ஏன் என்பது கீழே உள்ள பதில்களில் புரியும். சட்டப்படி உரிமம் பெற்றவர்களுக்கும், பெறும் எண்ணம் உள்ளவர்களுக்கும் எழுதியது இது.

காலிபர் என்பது சரியாக எதைக் குறிக்கிறது?

குழலின் உள்விட்டத்தை, அல்லது அதன் வழியே செல்லும் குண்டின் விட்டத்தை. அங்குலக் கணக்கில் .22, .38, .45 என்றும், மில்லிமீட்டர் கணக்கில் 9 மிமீ, 10 மிமீ என்றும் சொல்கிறார்கள். .45 என்றால் ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து அதில் நாற்பத்தைந்து பங்கு, ஏறத்தாழ 11.4 மிமீ.

ஆனால் விட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. குண்டு வேறு, தோட்டா வேறு. தோட்டா என்பது உறை, ப்ரைமர் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி), வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. 9×17, 9×18, 9×19, 9×21 எல்லாமே பேச்சுவழக்கில் ‘ஒன்பது மில்லிமீட்டர்’தான். இரண்டாவது எண் உறையின் நீளம். அந்த எண் மாறினால் தோட்டாவே வேறு. உலகெங்கும் அதிகம் புழங்குவது 9×19. ஜெர்மனியில் கியார்க் லூகர் வடிவமைத்தது. ஜெர்மன் கடற்படை 1904-லும் தரைப்படை 1908-லும் ஏற்றுக்கொண்டன. பாராபெல்லம், லூகர் என்ற இரண்டு பெயர்களும் இதையே குறிக்கின்றன.

பெயரில் உள்ள எண்ணை அப்படியே நம்பலாமா?

நம்பக் கூடாது. .38 ஸ்பெஷலின் குண்டு .38 அங்குலம் இல்லை; .357 அங்குலம்தான். பழைய காலத்துத் தோட்டாக்களில் குண்டும் உறையும் ஒரே அகலமாக இருந்தன. உறையை அளந்து வைத்த பெயர், குண்டு உறைக்குள் இறங்கிய பிறகும் ஒட்டிக்கொண்டது. .44 மேக்னத்தின் குண்டு .429 அங்குலம் (மேக்னம் என்றால் வலுக் கூட்டிய தோட்டா). மக்காரோவ் என்ற 9×18 தோட்டாவின் குண்டு 9.27 மிமீ அகலம். மற்ற ‘ஒன்பது’களின் குழலுக்குள் அது பொருந்தாது. பெயரிட்டவர்களில் உண்மை பேசியவர்கள் .357 மேக்னம்காரர்கள் மட்டுமே என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு.

அப்படியானால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியுமா?

குழலில் என்ன பொறித்திருக்கிறதோ, தோட்டாப் பெட்டியில் அதே பெயர் இருக்க வேண்டும். இதுதான் விதி. விலக்குகள் மிகச் சில. .357 மேக்னம் ரிவால்வரில் (இதில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும்; பிஸ்டலில் மேகசின் என்ற பெட்டியிலிருந்து வரும்) .38 ஸ்பெஷல் சுடலாம்; .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல் சுடலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. 1930-களில் .357 மேக்னத்தை உருவாக்கியபோது, அது பழைய .38 ரிவால்வருக்குள் தெரியாமல் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே உறையை ஏறத்தாழ 3 மிமீ நீட்டினார்கள்.

‘.40 தோட்டா 10 மிமீ பிஸ்டலில் சுடுகிறதே’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடுங்கள். சில நேரம் சுடும்தான். உறை நிற்க வேண்டிய விளிம்பில் நிற்காமல், உறையை இழுக்கும் கொக்கியில் தொங்கிக்கொண்டு சுடும். அதேபோல .380 தோட்டா (மேலே சொன்ன 9×17) 9×19-க்குள் போகிறது என்பதால் அது பொருத்தமாகிவிடாது.

எது அதிக சக்தி வாய்ந்தது?

மிக அதிகமாகக் கேட்கப்படுவதும், மிகக் குறைவாகப் பயன்படுவதும் இந்தக் கேள்விதான். இருந்தாலும் எண்களைத் தந்துவிடுகிறேன். வழக்கமான தோட்டாக்களில் குழல்முனை ஆற்றல் சுமாராக இப்படி இருக்கும்: .22 எல்ஆர் பிஸ்டலிலிருந்து 120 ஜூல் அளவில்; .380 ஏசிபி 260; .38 ஸ்பெஷல் 270; 9 மிமீ 480; .45 ஏசிபி அதுவும் 480; .357 மேக்னம் 780; .44 மேக்னம் 1,200-ஐத் தாண்டும். தயாரிப்பாளரையும் குழலின் நீளத்தையும் பொறுத்து இவை ஏறி இறங்கும்.

9 மிமீயும் .45-உம் ஒரே எண்ணில் நிற்பதைக் கவனித்தீர்களா? ஒன்று 7.5 கிராம் குண்டை வினாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. மற்றது 15 கிராம் குண்டை 255 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. இந்த இரண்டில் எது மேல் என்று நூறு ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் போரிட்ட அமெரிக்கப் படையினர், தங்கள் .38 ரிவால்வர்கள் எதிராளியை நிறுத்தவில்லை என்று குறைப்பட்டார்கள். 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் மாடுகளின் மீதும் சடலங்களின் மீதும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். இன்றைய கண்ணால் பார்த்தால் அந்தச் சோதனை அரைகுறையானது. ஆனால் அதன் வழியே துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் .45 ஏசிபி தோட்டாவும் 1911 பிஸ்டலும் வந்தன. 1985-இல் அதே ராணுவம் 9 மிமீ பெரெட்டாவுக்கு மாறியது.

அடுத்த ஆண்டு, 1986 ஏப்ரலில், மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த மோதலில் இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். கொள்ளையன் ஒருவனுடைய கையைத் துளைத்து மார்புக்குள் சென்ற 9 மிமீ குண்டு, இதயத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. பழி காலிபர் மீது விழுந்தது. எஃப்பிஐ 10 மிமீயை எடுத்துப் பார்த்தது. உதைப்பு (சுடும்போது துப்பாக்கி கையில் பின்னோக்கி வந்து மோதுவது) அதிகம் என்று மருந்தைக் குறைத்தது. குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீள உறை எதற்கு என்று உறையைக் குட்டையாக்கி 1990-இல் .40 பிறந்தது. கால் நூற்றாண்டு கழித்து அவர்களே மீண்டும் 9 மிமீக்குத் திரும்பினார்கள். குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டது, காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை, பெரும்பாலானவர்கள் 9 மிமீயில் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

ஆளைத் தூக்கி வீசும் காலிபர் உண்டா?

இல்லை. குண்டு முன்னே எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, அதே உந்தம் சுடுபவரின் கைக்கும் வருகிறது. அது எதிரில் நிற்பவரைத் தூக்கி வீசுமானால் சுட்டவரும் மறுபக்கம் விழுந்து கிடப்பார். கைத்துப்பாக்கிக் குண்டின் விளைவு அது எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் சென்றது என்ற இரண்டில்தான் இருக்கிறது. காலிபர் மூன்றாவது இடத்தில், அதுவும் சற்றுத் தள்ளி நிற்கிறது.

உதைப்பைத் தீர்மானிப்பது காலிபர்தானே?

பாதிதான். மீதிப் பாதி துப்பாக்கியின் எடை. இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுவது என் வழக்கம்.

.38 ஸ்பெஷலின் 10.2 கிராம் குண்டு வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போகிறது. அதைச் சுடுவது 425 கிராம் எடையுள்ள, சட்டைப்பைக்குள் அடங்கும் அலுமினிய ரிவால்வர் என்று வைத்துக்கொள்வோம். வெடிவாயுவின் உந்தத்தைக் கணக்கில் விட்டுவிட்டால், துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் வினாடிக்கு 5.5 மீட்டர். இப்போது 950 கிராம் எடையுள்ள முழு அளவு 9 மிமீ பிஸ்டலை எடுங்கள். அதன் பின்வேகம் 2.8 மீட்டர்தான். ஏறத்தாழ இரு மடங்கு ‘சக்தி’ உள்ள 9 மிமீ, கையில் பாதி வேகத்தில்தான் வந்து உதைக்கிறது.

‘கைக்கு அடக்கமாக, மென்மையானதாக’ ஒன்று வேண்டும் என்று அந்தக் குட்டி ரிவால்வரை ஆசையோடு தேர்ந்தெடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து தோட்டாக்கள் சுட்டதும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பிறகு அது பெட்டியிலிருந்து வெளியே வராது.

9 மிமீக்கும் .45-க்கும் இடையே மேலே விட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆற்றல் ஒன்றுதான், ஆனால் .45-இன் உந்தம் நாற்பது சதவீதம் கூடுதல். இரண்டாவது குண்டைச் சுடக் குறி எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகிறது என்பதில் அந்த நாற்பது தெரியும். ஒரே அளவு துப்பாக்கியில் எத்தனை தோட்டா அடங்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு: கிளாக் 17-இன் மேகசினில் 9 மிமீ 17, அதே உருவமுள்ள கிளாக் 22-இல் .40 தோட்டா 15.

நான் இதுவரை சுட்டதே இல்லை. எதில் தொடங்குவது?

.22 எல்ஆர். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 1887 முதல் இருக்கும் தோட்டா; உதைப்பு இல்லை என்றே சொல்லலாம்; ஒரே நாளில் நூறு முறை சுட்டாலும் கை சோராது.

புதியவர்களின் முதல் எதிரி அதிர்ச்சிக்கு முந்திக்கொள்ளும் கை. வெடிக்கப் போகிறது என்று மூளை எச்சரித்ததும், விசையை இழுக்கும் அதே நொடியில் மணிக்கட்டு கீழே அழுந்தும். குண்டு தாளின் அடியில் போய்ப் படும். பெரிய காலிபரில் தொடங்குபவர்களுக்கு இந்தப் பழக்கம் முதல் நாளிலேயே வேர் விட்டுவிடுகிறது. பிடுங்கி எறிய மாதக்கணக்காகும். உங்களுக்கு இது இருக்கிறதா என்று அறிய, பக்கத்தில் இருப்பவரை மேகசினில் நடுநடுவே ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். எது வெடிக்காது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. வெடிக்காத தோட்டா வரும்போது குழலின் முனை தலையாட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். அதைப் பார்க்கும்போது வரும் வெட்கத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

.22-க்கு ஒரு குறை உண்டு. இதில் ப்ரைமர் மருந்து உறையின் அடி விளிம்புக்குள் பரவி இருக்கிறது. எல்லா இடத்திலும் சமமாகப் பரவாத தோட்டாவும் வந்து சேரும். அதனால் நடுவில் ப்ரைமர் உள்ள தோட்டாக்களைவிட இது அடிக்கடி பொய்த்துப்போகும். பயிற்சியில் பரவாயில்லை. வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. இன்னொன்று: பழைய .22 துப்பாக்கிகளில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகாதீர்கள். ஊசி நேராகத் தோட்டா அமரும் அறையின் விளிம்பில் மோதி அதை நசுக்கும்.

கையில் வலு குறைவு. .380 எடுத்தால் எளிதாக இருக்குமா?

தோட்டா எளிதானதுதான். துப்பாக்கி அப்படி இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பல .380 பிஸ்டல்களில் குழல் பூட்டிக்கொள்ளும் அமைப்பு கிடையாது; ஸ்லைடின் (குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான் வெடிப்பைத் தாங்கி நிற்கின்றன. எனவே ஸ்பிரிங் கடினமாக இருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் அந்த ஸ்லைடைப் பின்னிழுக்கத் தவிப்பார்கள். அதே கைகள் குழல் பூட்டும் அமைப்புள்ள 9 மிமீயை எளிதாக இழுத்துவிடும். வாங்குவதற்கு முன் ஸ்லைடைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். முதல் முறையை விட்டுவிடுங்கள், பத்தாவது முறைதான் உண்மை சொல்லும்.

ரிவால்வரில் இழுக்க ஸ்லைடு இல்லை. ஆனால் விசை கடினம். விரல் வலு இல்லாதவருக்கு ஒரு சிக்கலுக்குப் பதில் இன்னொரு சிக்கல்.

வீட்டுப் பாதுகாப்புக்கு எது?

உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்குமானால், முழு அளவு அல்லது நடுத்தர அளவுள்ள 9 மிமீ. ரிவால்வர்தான் பிடிக்கும் என்றால், கனமான சட்டகம் கொண்டதில் .38 ஸ்பெஷல்.

இங்கே காலிபரைவிடக் குண்டின் வகை முக்கியம். முழுக்கச் செம்பு போர்த்திய குண்டு நேராகத் துளைத்து வெளியேறி அப்பாலும் பயணிக்கும். முனையில் குழி உள்ள குண்டு விரிந்து வேகம் இழக்கும். எஃப்பிஐ தன் சோதனைகளில் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 46 செ.மீ. வரை செல்லும் குண்டையே ஏற்கிறது. அதற்குக் குறைந்தால் போதாது, கூடினால் பின்னால் நிற்பவருக்கு ஆபத்து. எந்தக் குண்டானாலும் மெல்லிய தடுப்புச் சுவரைத் துளைத்துப் போகும். சுவருக்கு அப்பால் யார் தூங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலிபரை மாற்றி இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் இந்தக் கேள்விக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.

மூடிய அறைக்குள் .357 மேக்னம் வெடித்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 140 டெசிபலைத் தாண்டும் திடீர் ஓசை காதைப் பழுதாக்கலாம். எல்லாக் கைத்துப்பாக்கிகளும், .22 உட்பட, அந்தக் கோட்டுக்கு மேலேதான். மேக்னம் அதிலும் உச்சம். தளத்தில் காதுக்கவசம் இல்லாமல் யாரையும் நான் நிற்க விடுவதில்லை.

போட்டிகளுக்கு?

விதிப்புத்தகம்தான் தேர்ந்தெடுக்கும். ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்கு .22; 10 மீட்டரில் 4.5 மிமீ காற்றுத் துப்பாக்கி. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் நடத்தும் சென்டர் ஃபயர் (நடுவில் ப்ரைமர் உள்ள தோட்டா) பிரிவில் 7.62 முதல் 9.65 மிமீ வரை அனுமதி உண்டு. அங்கே பலரும் விரும்புவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். தட்டை முனைக் குண்டு தாளில் துளை போட்டது போல வட்டம் வெட்டும், உதைப்போ கொஞ்சம்தான்.

ஓடிக்கொண்டே சுடும் ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் அமைப்பு) போட்டிகளில் ‘பவர் ஃபேக்டர்’ பார்ப்பார்கள். கிரெயினில் (ஒரு கிராமில் ஏறத்தாழ 15 கிரெயின்) குண்டின் எடையை, வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130. மைனர் என்ற கீழ்த்தட்டுக்கு 125 போதும். 9 மிமீ இயல்பாகவே தேறிவிடும். தொடங்குபவர் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

காட்டு விலங்குகளிடமிருந்து காத்துக்கொள்ள?

பெரிய விலங்குகள் உள்ள நிலப்பரப்பில் வேலை செய்வோர் 10 மிமீ அல்லது .44 மேக்னத்தை, கெட்டி ஈயக் குண்டுகளோடு எடுத்துச் செல்வதுண்டு. அங்கே விரியும் குண்டு வேண்டாம். தடித்த தோலையும் எலும்பையும் கடந்து ஆழமாகச் செல்வதே தேவை. எனக்கு இதில் நேரடி அனுபவம் இல்லை. முடிந்தால் விலகிப் போவதே நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

அபூர்வமான காலிபர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதையாகிவிடும். துப்பாக்கி இருக்கும், தோட்டா இருக்காது. மாதம் ஐம்பது தோட்டாக்களாவது சுட முடியாத காலிபர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் உங்களுக்கு அது அலமாரிப் பொருள்தான்.

சட்டம் காலிபரைக் கட்டுப்படுத்துமா?

பல நாடுகளில் ஆம். ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் காலிபர்களைக் குடிமக்களுக்குத் தராத நாடுகள் உள்ளன. இத்தாலியில் நீண்டகாலம் 9×19 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது; அதனால்தான் அங்கே உறை 2 மிமீ நீண்ட 9×21 பரவியது. சில இடங்களில் குழிமுனைக் குண்டுக்கும் தடை உண்டு. பிடித்த காலிபரைத் தேடுவதற்கு முன் உங்கள் உரிமத்தில் எது எழுதப்படும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே .357 மேக்னம் வாங்கிவிட்டேன். சுடவே பயமாக இருக்கிறது. விற்றுவிடட்டுமா?

வேண்டாம். உங்களை அறியாமலே நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அதில் .38 ஸ்பெஷலைப் போடுங்கள், அதிலும் தட்டை முனையுள்ள மென்மையான இலக்குத் தோட்டாக்களை. கனமான ரிவால்வரில் அவை .22-க்கு அண்ணன் போலத்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்துத் தோன்றினால் ஆறில் ஒன்றை மட்டும் மேக்னமாக வைத்துப் பாருங்கள், தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். நிறைய .38 சுட்ட பிறகு உருளையின் தோட்டா அறைகளின் உள்ளே, குட்டை உறை முடியும் இடத்தில் கரி வளையம் படியும். அதைத் தூரிகையால் தேய்த்து எடுக்காமல் நீளமான மேக்னம் தோட்டாவைத் திணித்தால் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும், போனாலும் சுட்ட உறை வெளியே வராது.